ஆற்றுப்பாலத்தில் நடை மாறிய வருஷம்

கொக்கிரகுளம் முனையில், ஆற்றுப்பாலம் முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய குடையும் ஒரு மரப்பெட்டியுமாக உட்கார்ந்து செருப்புத் தைக்கிற வெள்ளத்தாய்க்கு ஊரில் பாதிப் பேரின் முகம் தெரியாது, கால் தெரியும். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் எங்கே அழுத்துகிறது, வார் எத்தனை நாளைக்கு ஒருமுறை அறுகிறது என்று செருப்பைத் திருப்பிப் பார்த்தாலே போதும், இது அவசரக்காரர் செருப்பு, இது பாதி வழியில் மனசு மாறித் திரும்பிவிடுகிறவர் செருப்பு, இது பெண்டாட்டிக்குப் பயந்து வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கிறவர் செருப்பு என்று சொல்லிவிடுவாள். அவள் சொல்லித் தப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆற்றுப்பாலத்துக்குக் கல்வெட்டில் சுலோச்சன முதலியார் பாலம் என்று பேர். நூற்றெண்பது வயதைத் தாண்டியும் திருநெல்வேலியை ஒரு கையிலும் பாளையங்கோட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தாமிரபரணிக்கு மேலே நிற்கிறது. வருஷாவருஷம் கார்த்திகை இரண்டாம் ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, அதன் பிறந்தநாளைச் சாக்கிட்டு, ஊர் ஜனங்கள் ஜங்ஷன் முனையில் கூடிக் கொக்கிரகுளம் முனை வரைக்கும் நடப்பார்கள். நடக்கிற தூரம் கால் கிலோமீட்டர்கூட வராது. அதற்குத் தொப்பி, பேனர், நாதஸ்வரம், இறங்கினதும் பொங்கல், வடை, அதற்கப்புறம் பாலநடைச் சங்கத்தின் செயலாளர் மீனாட்சிநாதன் மைக்கைப் பிடித்து அரைமணி நேரப் பேச்சு. ஜனங்களுக்கு நடந்த களைப்பைவிடப் பேச்சைக் கேட்ட களைப்புதான் அதிகம் என்றாலும் ஒருவரும் நடக்காமல் இருந்ததில்லை.

வெள்ளத்தாய் மட்டும் நடந்ததில்லை. அந்த வருஷம் மீனாட்சிநாதன் விடவில்லை.

"வருஷாவருஷம் நீ ஒக்காந்துகிட்டே எங்களப் பாக்க. பாலத்தடி ஆளு ஒருத்தர்கூட வரலைன்னா பாலத்துக்கே கொறையில்லா?" என்றார்.

"நான் தெனமும் ரெண்டு வாட்டி நடக்கேன் அண்ணாச்சி. எனக்கு யாரும் தொப்பி தரல்லியே."

"இந்தா பிடி தொப்பி. ஞாயித்துக்கெழம காலைல ஒன் கட கொஞ்சம் லேட்டாத் தொறந்துக்கிடட்டும்."

அவள் வாங்கிக்கொண்டாள். மறுக்கிற தெம்பு அப்போது அவளிடம் இல்லை, மனசு வேறு ஒரு இடத்தில் கிடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் உச்சிமாகாளி கொல்லத்தில் வேலை இருக்கிறது, ஒரு மாசத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, போன ஆள் வரவில்லை, அவ்வளவுதான். போலீசில் எழுதிக் கொடுத்து, கொல்லத்துக்கே இரண்டு தடவை போய்த் தேடி, குறி கேட்டு, எல்லாம் ஓய்ந்த பிறகு இப்போது மகள் கோமுவுக்குத் தை மாசம் கல்யாணம். நல்ல இடம்தான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். கார்டில் பெண்ணுடைய அப்பா பேருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா?

அந்த அம்மாள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. 'அமரர்' என்றால் வெள்ளத்தாய் தாலியைக் கழற்றிவிட்டு, மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரம் மேடைக்குப் பின்னால் எங்கேயாவது நிற்க வேண்டும். 'திரு' என்றால், அந்தத் திரு எங்கே என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாத ஒருவரைத் தன் வாயால் சாகடிக்க அவளுக்கு நாக்கு வரவில்லை, உயிரோடு இருக்கிறார் என்று சத்தியம் பண்ணவும் வரவில்லை. ஜங்ஷன் பக்கம் அச்சகம் வைத்திருக்கிற மைதீன் பாய், கார்டை எல்லாம் அச்சுக் கோத்து முடித்து, அந்தப் பேருக்கு முன்னால் மட்டும் விரல் அகலத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார். "மார்கழி பத்துக்குள்ள சொல்லிரு தாயி, அதுக்கு மேல தாங்காது" என்றும் சொல்லியிருந்தார்.

இந்த யோசனையோடுதான் வெள்ளத்தாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் தொப்பியோடு நடந்தார்கள். நாதஸ்வரம் முன்னால் போனது, ஆறு கீழே போனது, பாலத்தின் நடுவே கொஞ்சம் காற்று அடித்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. முதல் வரிசையில் வந்த இன்ஸ்பெக்டர் கொக்கிரகுளம் மண்ணில் காலை வைத்து நாலு எட்டு எடுத்து வைத்ததும்தான், அவர் தலையில் கூடை இருப்பது போலக் கழுத்தை நிமிர்த்தி, இடுப்பை ஒடித்து ஒடித்துப் பூக்காரி மாதிரி நடப்பதை ஜனங்கள் பார்த்தார்கள். சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த பூக்காரி மார்பை முன்னால் தள்ளி, கையை வீசி, பூட்ஸ் போட்டவள் மாதிரி தரையை மிதித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒல்லிப் பையன் ஒருவன் எண்பது கிலோ ஆள் மாதிரி ஆடி ஆடி வந்தான். அன்றைக்குப் பாலத்தில் ஏறினவர்கள் எல்லாரும் அவரவர் உடம்போடும் அவரவர் புத்தியோடும்தான் இறங்கினார்கள், நடை மட்டும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போயிருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் பொங்கலைச் சாப்பிட்டது. ஆறிப்போனால் நன்றாக இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்டுவிட்டு, இது யார் நடை, அது யார் நடை என்று கை காட்டிப் பேசிக்கொண்டார்கள். நூற்றெண்பது வயதுப் பாலத்துக்கு ஆள் அடையாளம் கொஞ்சம் முன்னே பின்னே ஆவதில் என்ன இருக்கிறது, நம் வீட்டுப் பெரியவர்கள் பேரன் பேரை மாற்றிக் கூப்பிடுவதில்லையா என்று ஒருவர் சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மீனாட்சிநாதன் மைக்கில், "யாரும் பதற வேண்டாம், அடுத்த வருஷம் நடக்கும்போது சரியாயிரும், அதுவரைக்கும் அவங்கவங்க கையில இருக்க நடைய நல்லபடியா வச்சுக்கிடணும்" என்று அறிவித்தார். எந்த ஆதாரத்தில் சொல்கிறீர் என்று யாரும் கேட்கவில்லை. மைக்கில் சொன்னதால் அது உண்மையாகிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் அதற்கென்று ஒரு நடைமுறையே வந்துவிட்டது. வயசானவர் நடையை வாங்கினவர்கள் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் ஒருதரம் நின்றுகொள்ள வேண்டும். நடைக்குச் சொந்தக்காரரை வழியில் கண்டால், "ஒங்க நடை சுகமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் நடந்து வந்தவுடன், இது சொந்த நடையா இரவல் நடையா என்று கேட்கலாம், அது மரியாதைக் குறைவாகாது. திங்கள்கிழமை மனு நாளில் எட்டுப் பேர் சேர்ந்து மனு கொடுத்து ரசீது வாங்கி வந்து, அந்த ரசீதை லேமினேட் செய்து டீக்கடையில் மாட்டினார்கள். அதோடு மனசு சமாதானமாகிவிட்டது.

நடை என்றால் வெறும் காலை எடுத்து வைப்பது மட்டும் இல்லை, அதற்கென்று நேரமும் வழியும் உண்டு என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. பூக்காரியின் நடை இன்ஸ்பெக்டரை விடியற்காலம் பூ மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அவரும் போய்விட்டோமே என்று இரண்டு முழம் வாங்கி வந்தார், அவர் வீட்டு அம்மாவுக்குப் பதினாறு வருஷத்தில் முதல் பூ. கோயிலுக்கே போகாத ஒரு டாக்டர் சாயங்காலம் ஆனால் நெல்லையப்பர் சந்நிதியில் நின்றார். எதிர்த்துப் பிடித்தால் கால் வலிக்கும், அது போகிற போக்கில் விட்டால் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும்.

வெள்ளத்தாய்க்கு வந்து சேர்ந்தது பூதலிங்கத்தின் நடை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுப்பாலத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரே மனுஷர். பாலத்தில் பத்தடிக்கு ஒருதரம் நின்று, எருமை குளிப்பதையும் யாரோ வேட்டி துவைப்பதையும் கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதையும் பார்க்காமல் அந்தக் கால் நகராது. சிந்துபூந்துறையில் வீட்டைப் பூட்டிவிட்டு எட்டு மணிக்குக் கடையில் இருக்கிறவள், இப்போது ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்தாள். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நான் என்ன செய்யட்டும்? அண்ணாச்சி காலு கொக்கப் பாத்துக்கிட்டு நிக்கி" என்பாள். பூதலிங்கம் பாவம், ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரின் நடையோடு மூச்சு வாங்க ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம், பாலத்தின் மேல் தூரத்தில் ஒரு நடை வருவதைப் பார்த்து வெள்ளத்தாய் கையில் இருந்த குத்தூசியைக் கீழே போட்டாள். மூன்று எட்டு ஒழுங்காக வரும், நாலாவது எட்டில் இடது கால் தரையை விட்டு எழும்ப மனசில்லாமல் கொஞ்சம் இழுக்கும், வலது குதிகால் வெளிப்பக்கமாகச் சாயும், திரும்பிப் போய்விடலாமா என்று தோள் ஒருதரம் அசையும், பிறகு மறுபடியும் மூன்று எட்டு. அந்த நடையின் செருப்பை, கல்யாணத்துக்கு முன்னாலேயே, ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, தன் அப்பாவின் கடையில் அவள் தைத்திருக்கிறாள். உலகத்தில் இருக்கிற எல்லா நடையையும் ஒரே மைதானத்தில் விட்டாலும் அவள் இதைக் கண்டுபிடித்துவிடுவாள். அது உச்சிமாகாளியின் நடை.

கிட்டே வந்தது நவமணி டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நடக்கிறவர் என்று பேர் வாங்கினவர். அவருக்குச் செருப்பு வலது குதிகால் தேய்ந்துபோய்த் தைக்கக் கொண்டுவந்திருந்தார்.

"நாலே நாள்ல இப்படித் தேஞ்சுட்டு வெள்ளத்தாயி. இது யாரு நடைன்னே தெரியல, ஊரெல்லாம் கேட்டுட்டேன்."

வெள்ளத்தாய் செருப்பை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. ஒருதரம் அந்த லைட்டுக் கம்பம் வரைக்கும் நடந்து காட்டுவீங்களா?" என்றாள்.

டீச்சர் நடந்து காட்டினார். திரும்பி வரும்போது வெள்ளத்தாயின் கண்ணைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அவள் பக்கத்தில் குத்துக்கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"இது எங்க வீட்டுக்காரரு நடை டீச்சர்."

பாலம் அன்றைக்கு நடந்தவர்களின் நடையைத்தான் மாற்றியது என்பது டீச்சருக்கும் தெரியும். ஆக, அந்த ஆள் உயிரோடு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் தொப்பியோடு இந்தப் பாலத்தில் நடந்திருக்கிறார்.

"அப்போ உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார் டீச்சர். "தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தக் கால் என்னைப் புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துட்டுப் போகுது. முன்னால திருநெல்வேலின்னு போர்டு போட்ட பஸ்ஸாப் பாத்து நிக்கி. ஒரு காலைத் தூக்கிப் படியில வைக்கேன். மறு கால் வரமாட்டேங்கு. கொஞ்ச நேரம் அப்படியே நிக்கேன், அப்புறம் எறங்கித் திரும்பி வந்துடுதேன். தினமும் இதுதான். 'டீச்சர், நீங்க நிக்கதே திருநெல்வேலிலதான், இங்கேருந்து திருநெல்வேலிக்கு எங்க ஏறுதீங்க?'ன்னு கண்டக்டருங்க கேலி பண்ணுதாங்க."

வெள்ளத்தாய் அழுதாள். ஆத்திரத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. வேறு ஏதோ ஊரில், ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில், சாயங்காலம் தவறாமல் வந்து, ஒரு காலைப் படியில் வைத்து, எடுத்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறான் மனுஷன். நடைக்கே பழகிப்போகிற அளவுக்குச் செய்திருக்கிறான். இதற்கு அவள் அவனைக் கட்டிக்கொள்வதா, மிதிப்பதா?

அன்றைக்கே மைதீன் பாயிடம் போய் 'திரு' போடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உயிரோடு இருப்பதும் வந்து நிற்பதும் ஒன்றில்லையே. பேர் கார்டில் இருந்து ஆள் மேடையில் இல்லாவிட்டால், மகள்தான் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும். கோமுவிடம் சொன்னதற்கு, "உயிரோட இருந்துகிட்டா வரல? அப்ப அமரர்னே போடும்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் மீனாட்சிநாதன் நடை ஏடு ஒன்று போட்டிருந்தார். யாருடைய நடை யாரிடம் இருக்கிறது என்று பேர் பேராக எழுதி வைக்கிற நோட்டு. இல்லையென்றால் அடுத்த வருஷம் பாலத்துக்கு மறுபடி குழப்பம் வந்துவிடுமாம். தெரியாத நடைகளைக் கண்டு சொல்ல வெள்ளத்தாயை விட்டால் ஊரில் ஆள் கிடையாது, ஆகவே சாயங்காலம் சாயங்காலம் சங்கத்துக் கொட்டகையில் ஜனங்கள் வரிசையாக நடந்து காட்ட, அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்து, இது ஐஸ்காரர் நடை, இது தபால்காரர் நடை, இது உங்க மாமியார் நடைதான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினைந்து நாளில் ஏடு முடிந்தது. கொடுத்த தொப்பி நானூற்றுப் பன்னிரண்டு, ஏட்டில் ஏறின ஆட்கள் நானூற்றுப் பதினொன்று.

மீனாட்சிநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஒரு ஆள் பேரே குடுக்கல. அது ஒங்க வீட்டுக்காரருதான், டீச்சர் சொன்னாங்க" என்றார். "இன்னொண்ணு பாத்தியா வெள்ளத்தாயி? எல்லாரு நடையும் யார்கிட்டயோ இருக்கு. ஒன் நடை மட்டும் யார்கிட்டயும் இல்ல."

அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. வெள்ளத்தாய்க்கு அவர் சொல்வதற்கு முன்னாலேயே புரிந்திருந்தது. அவள் நடை அவனிடம் போயிருக்கிறது. முகத்தை மறைத்துத் தாடி வளர்த்தாலும் எந்த நடையை வைத்து அவனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இருந்தாளோ, அதைப் பாலம் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, அவளுடையதை அவனுக்கு மாட்டி எங்கேயோ அனுப்பிவிட்டது. தன் நடை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஊரார் செருப்பை எல்லாம் படித்தவள், தன் செருப்பைத் திருப்பிப் பார்க்க நேரம் இல்லாமலே இருந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே யோசனை. தன் கால் என்னென்ன செய்யும்? அஞ்சு மணிக்குக் குழாயடிக்குப் போகும், எட்டு மணிக்குக் கடைக்கு வரும், ஆறரைக்கு வீட்டுக்குத் திரும்பும். வேறு வழி அதற்குத் தெரியாதே. அப்படியென்றால் அந்தக் கால் அவனை எந்த ஊரில் வைத்திருந்தாலும் இந்தப் பக்கமாகத்தானே இழுக்க வேண்டும்? அவனைத் தேடுவதைவிட, தன் கால் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதே அவளுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. தைக்கிற கையை நிறுத்தி, இந்நேரம் செங்கோட்டை தாண்டியிருக்குமோ என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வாள்.

மார்கழி ஒன்பதாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். ஜங்ஷன் முனையில் இருந்து ஓர் ஆள் பாலத்தின் மேல் வந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. கண் தரையை விட்டு அகலவில்லை. எட்டு ஒவ்வொன்றும் குட்டை, ஆனால் வேகம். ஒரு தோளில் கனமான பை இல்லாமலே பை இருப்பது போல ஒரு பக்கமாய்ச் சாய்வு. ஆற்றை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ வீட்டில் காத்திருப்பதாகவும், இவன் போகாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதாகவும் ஒரு நடை. ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ, இப்படி ஒரு நடை நடந்தால் என்னத்துக்கு ஆகும் என்று வெள்ளத்தாய் உள்ளபடியே பரிதாபப்பட்டாள். அப்புறம்தான் அது தன்னுடையது என்று தெரிந்தது.

வந்தவன் அவள் கடைக்கு முன்னால் வந்து நின்றான். தாடி நரைத்திருந்தது. மேலே ஏதோ லாரிக் கம்பெனிச் சட்டை.

அவள் எழுந்திருக்கவில்லை. "நீரா வந்தீரா, காலு கூட்டிட்டு வந்துச்சா?" என்று கேட்டாள்.

உச்சிமாகாளி பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நல்ல சமயம் அது. "காலுதான்" என்றான்.

அவள் கையில் இருந்த செருப்பால் அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டாள். அது பக்கத்து மருந்துக்கடைக்காரருடைய செருப்பு. இன்னொன்றும் போட்டாள். அவன் நகரவில்லை, நகர நினைத்தாலும் அந்தக் கால் ஆறரை மணிக்கு முன்னால் கடையை விட்டு நகராது என்பது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அன்னிக்கு லோடு லாரியில வந்தேன்" என்றான் நின்றபடியே. "ஜங்ஷன்ல எறக்கி விட்டான். தொப்பி குடுத்துட்டு இருந்தாவ. கூட்டத்தோட கூட்டமா ஒன் கடையத் தாண்டிப் போனா, ஒன்ன ஒருக்கப் பாத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். வந்து பாத்தா குடை மடக்கி இருக்கு. நீயும் நடந்துகிட்டு இருந்திருக்க, நான் எங்க கண்டேன்?"

"ஒம்போது வருசம்?"

"மொதல்ல கையில ஒண்ணும் இல்லாம வரக்கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் இத்தன நாள் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வாரதுன்னு இருந்தேன். தெனமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன் வெள்ள. படியில ஒரு கால வைப்பேன். மறு கால் வராது. சத்தியமா வராது." அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "இந்த ஒரு மாசமா லாரிய விட்டு எறங்கவே பயம். எறங்கினா விடியக்காலம் தண்ணி பிடிக்கப் போவுது, ராப்பகலா ஓடுது, ஒரு எடத்துல ஒக்கார விடல. நேத்து மறந்துபோய் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டேன். ஒம்போது வருசமா என் காலு ஏறாத படி. ஒன் காலு ஒரே எட்டுல ஏறிருச்சு."

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய்ப் பட்டது, பட்ட இடம் வலிக்கவும் செய்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "செருப்பக் கழத்தும்" என்றாள்.

கழற்றிக் கொடுத்தான். திருப்பிப் பார்த்தாள். வலது குதிகாலின் வெளி ஓரம் நாள்பட்ட தேய்மானம், அது அவனுடையது. அதற்கு மேலே, இந்த ஒரு மாசத்தில், இரண்டு செருப்பிலும் முன்விரல் பக்கம் புதிதாகத் தேய்ந்து தோல் வெளுத்துப்போயிருந்தது. முன்னால் சாய்ந்து சாய்ந்து, குதிகாலைத் தரையில் வைக்கவே நேரமில்லாமல் நடந்த கால். தான் இப்படித்தான் நடந்திருக்கிறோம் என்று அவள் அன்றைக்குத்தான் படித்தாள். வார் அறுகிற மாதிரி இருந்தது. நூலை மெழுகில் இழுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

"மகளுக்குத் தையில கல்யாணம்."

"டிரைவர் ஒருத்தன் சொன்னான்."

"கார்டுல ஒமக்கு முன்னால இடம் விட்டு வச்சிருக்கு. என்ன போடணும்னு நான் சொல்லமாட்டேன். ஒம்மகிட்டயும் கேக்கமாட்டேன். அவ கல்யாணம், அவ சொல்லட்டும். அவகிட்ட நீரே போயிச் சொல்லும்."

அவன் முகம் செத்துப்போனது. "நீ கூட வா வெள்ள."

"வாரேன், ஒமக்குப் பின்னால."

அவள் மீதிச் செருப்புகளையும் தைத்து முடிக்கும்போது ஆறரை அடித்தது. அவள் கால் அவனைத் திருப்பி, சிந்துபூந்துறைக்குப் போகிற வழியில் விர்ரென்று கொண்டுபோனது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான், கால் கேட்கவில்லை. வெள்ளத்தாய் குடையை மடக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிப் பின்னாலேயே நடந்தாள். பத்தடியில் பூதலிங்கத்தின் கால் நின்றது. கைப்பிடிச் சுவரில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. ஒரு மாசமாக இந்தக் காலோடு மல்லுக்கட்டியவள், இன்றைக்குத் தடுக்கவில்லை. நன்றாக நிற்கட்டும். போய் மகளிடம் வாங்க வேண்டியதை எல்லாம் மனுஷன் தனியாக நின்று வாங்கட்டும்.

பாலத்தில் கால்வாசிதான் வந்திருப்பாள், போன் அடித்தது.

"யம்மா," கோமுவின் குரல் தாழ்ந்திருந்தது. "நீ வாரன்னு நெனச்சுக் கதவத் தொறந்தேன். ஒன் காலு சத்தந்தாம்மா கேட்டுச்சு. பாத்தா ஒரு ஆளு நிக்காரு."

"ம்."

"ஒன்ன மாதிரியே நடந்து வந்தாரு. அப்படியே ஒன்ன மாதிரி, ஓட்டமும் நடையுமா." உடனே கேட்டாள். "நீ இப்படியாம்மா நடக்க?"

"அப்படித்தான் போலட்டி. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"பேசமாட்டேங்காரு. வாசல்லயே நின்னுகிட்டு அழுவுதாரு. நான் என்ன செய்ய? நீ எப்ப வருவ?"

"எனக்கு நேரமாகும் தாயி. நீயே பாத்து என்ன தோணுதோ செய்யி."

கீழே ஆற்றில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளத்தாய் போனைக் காதில் அழுத்திப் பிடித்தாள். பிறகு மகள் பேசினாள், அம்மாவிடம் இல்லை.

"எதுக்கு வெளியவே நிக்கீய? உள்ள வாங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, இன்னும் கோபம் தீராத குரலில், "வாங்கப்பா" என்றாள்.

வெள்ளத்தாய் போனை அணைத்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போனை எடுத்து மைதீன் பாய் நம்பரைத் தேடினாள்.

"பாய், கடை பூட்டிட்டீயளா?"

"ஒன்னாலதான் பூட்டாம இருக்கேன் தாயி. நாளைக்குக் கெடு. திருவா, அமரரா?"

"திருதான் போடுங்க" என்றாள். "ஆளு வீட்டுக்குள்ள போயிட்டாரு."